பாதியில் நிற்கும் அறிவியல் கதைகள்: யார் முடித்தால் சரி?

தொடர் நாவல் ஒன்று பாதியில் நின்றுபோனால் வாசகனுக்கு எஞ்சுவது நாலைந்து வழிகள்தான். எழுத்தாளர் உயிரோடு இருந்தால் காத்திருக்கலாம். அவர் போய்விட்டால் வேறொருவர் முடித்துவைப்பதைப் படிக்கலாம், அல்லது அவர் விட்டுச்சென்ற துண்டுகளோடு நிற்கலாம். முடியாத கதையை முடியாததாகவே ஏற்றுக்கொள்ளலாம். செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து முடிக்கச் சொல்வது அண்மையில் சேர்ந்த வழி. மதுரை தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில், வெளியே டீக்கடையில் நாங்கள் சிலர் கூடினால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். எங்களில் மூத்தவர், ஓய்வுபெற்ற வாத்தியார், பிடிவாதமாக ஒரே பக்கம் நிற்பார். "எழுதுனவன் விட்ட எடத்துல விட்றணும்ப்பா. அதுக்கு மேல எவன் எழுதுனாலும் அது அவன் கதை." அண்ணன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மற்றப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அறிவியல் கதைக்கு மட்டும் இதில் ஏன் தனிக் கணக்கு? பொன்னியின் செல்வன் 1954-ல் முடிந்தபோது, சட்டென்று முடித்துவிட்டார் என்று வாசகர்கள் குறைபட்டார்கள். கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று விளக்கம் சொன்னார். அவர் சொல்லாமல் விட்டிருந்தாலும் பெரிய மோசமில்லை. அருள்மொழிவர்மன் ராஜராஜனாக முடிசூடினான், தஞ்சையில் பெரிய கோவில் கட்டினான் என்று கல்வெட்டே சொல்லும். அந்த வரலாற்றைப் பிடித்துக்கொண்டுதான் எழுத்தாளர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' நாவலில் கதையை மேலே கொண்டுபோனார். அறிவியல் கதைக்கு அப்படிக் கைகொடுக்க ஒரு கல்வெட்டு கிடையாது. அந்தக் கிரகம், அந்த உயிரினம், அந்தப் புதிருக்கான விடை எல்லாம் ஒரே ஒருவர் தலைக்குள் இருக்கின்றன. அவர் சொன்னால் உண்டு, இல்லையேல் இல்லை.

காத்திருக்கும் வழிக்கு அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஜெரால்ட் எழுதும் 'செட்டார்' நாவல் தொடரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. முதல் நாவல் 1983-ல் வந்தது. கொள்ளைநோயில் மனித இனத்தின் பெரும்பகுதி அழிந்த பிறகு, பூமிக்கு ஒரு வேற்றுக்கிரகச் சூழலமைப்பே வந்து இறங்குகிறது. பறக்கும் தட்டு இல்லை, துப்பாக்கி பிடித்த வேற்றுலகப் படை இல்லை. புழுக்களும் செடிகளும் பூச்சிகளும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு ஊரை விழுங்குகின்றன. சீமைக்கருவேலம் பிடித்த கண்மாய்க்கரையைத் தினம் பார்க்கிற நமக்கு அந்தப் பயம் விளக்காமலே புரியும். இதை அனுப்பியது யார், எதற்காக என்பதுதான் தொடரின் உயிர்க்கேள்வி. நான்காவது நாவல் 1990-களின் தொடக்கத்தில் வந்தது. ஐந்தாவதற்குப் பெயர்கூட அறிவித்தாயிற்று, புத்தகம் மட்டும் 30 ஆண்டுகளுக்கு மேலாக வரவில்லை. முதல் பாகத்தைக் கல்லூரிப் பருவத்தில் படித்தவர் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார்.

காத்திருப்பது வீண் என்று சொல்ல மாட்டேன். ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன் கதைகள் 1953-ல் மூன்றாம் புத்தகத்தோடு நின்றன. பதிப்பகமும் வாசகர்களும் விடாமல் கேட்டுக் கேட்டு 1982-ல் நான்காவதும் 1986-ல் ஐந்தாவதும் வந்தன. நம் ஊர்க் கதையும் உண்டு. ஜீனோ என்ற இயந்திர நாயின் மேல் வாசகர்கள் வைத்த பிரியத்துக்கு, 'என் இனிய இயந்திரா'வுக்குப் பின் 'மீண்டும் ஜீனோ' என்று சுஜாதா தன் கையாலேயே பதில் சொல்லிவிட்டார். இந்த விஷயத்தில் தமிழ் வாசகர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஆனால் அசிமோவ் திரும்பி வந்தும் முடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கதையில், விண்மீன் பேரரசு சரிந்த பின் வரும் இருண்ட காலத்தைச் சுருக்கக் கணித மேதை செல்டன் போடும் திட்டம் 1000 ஆண்டுகளுக்கானது. ஐந்தாவது புத்தகம் ஏறக்குறைய 500-வது ஆண்டில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் எப்படிப் போவதென்று பிடிபடாமல், பின்னால் திரும்பிச் செல்டனின் இளமைக்காலத்தை எழுதினார். 1992-ல் இறந்தும்போனார். பிறகு பென்ஃபோர்ட், கிரெக் பேர், பிரின் என்ற மூன்று பெரிய கைகள் 1997 முதல் 1999 வரை ஆளுக்கொரு நாவல் எழுதின. மூன்றும் செல்டன் காலத்திலேயே சுற்றுகின்றன. மீதி 500 ஆண்டுகளைத் தொட ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அது மரியாதையா பயமா என்று எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. எனக்கு அது ஏமாற்றம்தான்.

வேறொருவர் முடித்துவைப்பதில் அதிகம் பேசப்படுவது 'டியூன்' நாவல் தொடர். பேச வேண்டியதும் அதுதான். ஃப்ராங்க் ஹெர்பர்ட் ஆறாம் நாவலை 1985-ல் வெளியிட்டு, 1986 பிப்ரவரியில் இறந்தார். அந்த ஆறாம் நாவலின் கடைசிப் பக்கங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். விண்கலம் ஒன்று தப்பி, யாரும் அறியாத வெளிக்குள் போகிறது. தோட்டத்தில் இருந்தபடி ஒரு வயதான தம்பதி அதைக் கவனிக்கிறார்கள். டேனியல், மார்ட்டி என்று சாதாரணப் பெயர்கள். கையில் சிக்கவேண்டியது நழுவிவிட்டதே என்று வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்வது போலப் பேசுகிறார்கள். அவர்கள் பேச்சை வைத்து, படைத்த எஜமானர்களிடமிருந்து விடுபட்டு அவர்களையே மிஞ்சிவிட்ட, நினைத்த உருவம் எடுக்கும் முகமாற்றிகள் என்று வாசகன் ஊகிக்கலாம். அவ்வளவுதான், கதை நின்றுவிடுகிறது. அடுத்து வருவது, 1984-ல் இறந்துபோன மனைவியைப் பற்றி ஹெர்பர்ட் எழுதிய அஞ்சலி. அதைப் படித்த பிறகு இந்த மனிதர் மேல் கோபப்பட எனக்கு மனம் வந்ததில்லை.

மகன் பிரையன் ஹெர்பர்ட்டும் கெவின் ஆண்டர்சனும் 2006, 2007 ஆண்டுகளில் இரண்டு நாவல்களாகத் தொடரை முடித்தார்கள். வங்கிப் பெட்டகத்தில் அப்பாவின் கதைச்சுருக்கம் கிடைத்தது, அதன்படிதான் எழுதினோம் என்றார்கள். முடிவில் அந்தத் தம்பதி யாரென்று தெரிகிறது. மகனும் ஆண்டர்சனும் 2002 தொடங்கித் தாங்களே எழுதிய முன்கதை நாவல்களில் வந்த இயந்திரப் பாத்திரங்கள் அவர்கள். இங்கேதான் வாசகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். எப்படியோ ஒரு முடிவு கிடைத்ததே என்பவர் ஒரு பக்கம், அப்பா வைத்த புதிருக்கு மகனுடைய விடையா என்பவர் மறுபக்கம். என் குறை வேறு. அந்தச் சுருக்கத்தை அப்படியே அச்சில் தந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. எது தகப்பன் சொன்னது, எது மகன் சேர்த்தது என்று வாசகனே பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பான்.

வாத்தியார் அண்ணன் இந்த இடத்தில் எப்போதும் மீனாட்சி கோவில் பக்கத்து ராயகோபுரத்தைக் காட்டுவார். புதுமண்டபத்துக்குக் கிழக்கே, திருமலை நாயக்கர் தொடங்கி அடித்தளத்தோடு நின்றுபோன வேலை அது. "அத யாராவது முடிச்சாங்களா? முடிக்காததுனால அழகு கொறஞ்சு போச்சா?" என்று கேட்பார். நான் அதே கோவிலின் வடக்குக் கோபுரத்தைக் காட்டுவேன். தலை இல்லாமல் மொட்டைக் கோபுரம் என்று பேர் வாங்கி நெடுங்காலம் நின்றதை 19-ஆம் நூற்றாண்டில் நகரத்தார் முடித்துவைத்தார்கள். இன்று வடக்குவாசல் வழியாகக் கும்பிடப் போகிறவர் யாரும் அது வேறு கை என்று ஒதுக்குவதில்லை. முடித்தவர்களுக்கு மற்ற மூன்று திசையிலும் மாதிரி கண்முன்னால் நின்றது, அதனால் முடிந்தது. நாவலை முடிக்க வருபவருக்கு அந்த மாதிரி, எழுத்தாளரின் குறிப்புகள்தான். குறிப்பு கையில் இருந்து, நல்ல மனதோடு செய்தால் நம்மிடமே அது கைகூடியிருக்கிறது. 1954 டிசம்பரில் கல்கி காலமானபோது பாதியில் நின்ற அமரதாராவை, அவர் குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி எழுதி முடித்தார். அது அறிவியல் கதை இல்லை. ஆனாலும் யார் எதை எழுதினார் என்பதில் மறைப்பு ஏதும் இல்லாததால் வாசகருக்கு மனக்குறை இல்லை.

துண்டுகளை அப்படியே தரும் வழியையும், வேறொருவரை விட்டு எழுதவைக்கும் வழியையும் ஒரே எழுத்தாளரிடம் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் டக்ளஸ் ஆடம்ஸ் இருக்கிறார். அவருடைய விண்வெளி நகைச்சுவைத் தொடரின் ஐந்தாம் நாவல் 1992-ல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முடிந்தது. அது ரொம்ப இருட்டாகிப் போய்விட்டது, கொஞ்சம் வெளிச்சமாக இன்னொன்று எழுத வேண்டும் என்று அவரே சொல்லியிருந்தார். 2001-ல், 49 வயதில், மாரடைப்பில் இறந்தார். அடுத்த ஆண்டே கணினியில் கிடந்த வேறொரு நாவலின் அத்தியாயங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கினார்கள். 2009-ல், மனைவியின் சம்மதத்தோடு ஓயின் கோல்ஃபர் ஆறாம் நாவலை எழுதினார். கோல்ஃபர் எழுதியது கெட்டிக்காரத்தனமான நாவல்தான். ஆனாலும் எனக்கு அந்த அரைகுறை அத்தியாயங்கள்தான் உசத்தி. அவற்றில் ஆடம்ஸ் மூச்சுவிடுவது கேட்கிறது.

ஆக்டேவியா பட்லரின் கதை இன்னும் மனதைப் பிசையும். 1993, 1998 ஆண்டுகளில் வந்த இரண்டு நாவல்களுக்குப் பின், மனிதர்கள் வேறொரு கிரகத்தில் குடியேறிப் படும் பாட்டை மூன்றாவதாக எழுத நினைத்தார். தொடங்குவார், நிறுத்துவார், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். 2006-ல் இறந்தபோது எஞ்சியவை ஏராளமான தொடக்கங்கள் மட்டுமே. கலிஃபோர்னியாவில் ஹண்டிங்டன் நூலகத்தில் அவருடைய காகிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆய்வாளர்கள் போய்ப் பார்க்கிறார்கள். மதுரையில் நத்தம் ரோட்டு நூலகத்தில் உட்கார்ந்து அவருடைய இரண்டாம் நாவலின் கடைசி வரியில் தவிக்கிற பிள்ளைக்கு அந்தக் கட்டிடம் எட்டாது. ஒரு தொகுப்பாக அச்சிட்டால் எட்டும். இதை மட்டும் யாரும் 'முடிக்க' வேண்டாம் என்பேன், ஏனென்றால் அவருக்கே முடிவு பிடிபடவில்லை.

செயற்கை நுண்ணறிவு வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எழுதப்பட்ட பக்கங்களிலிருந்துதான் அது கற்கிறது. நாம் தேடும் விடை எழுதப்படாத பக்கத்தில் இருக்கிறது.

ஆகவே என் வரிசை இது. எழுத்தாளர் தானே முடிப்பது முதலில். அவர் இல்லையென்றால், வீட்டார் அவருடைய குறிப்புகளைத் திருத்தாமல் அச்சில் போடுவது அடுத்து. அதற்குப் பிறகு, அந்தக் குறிப்புகள் வாசகர் கையிலும் இருக்கும் நிலையில், பொருத்தமான ஒருவர் நாவலாக எழுதுவது. குறிப்பைப் பூட்டி வைத்துக்கொண்டு நாவலை மட்டும் விற்பது எனக்குச் சம்மதமில்லை. அண்ணன் சொல்கிறபடி அப்படியே விடுவது, பட்லரைப் போல எழுத்தாளரே விடை காணாத இடத்துக்குப் பொருந்தும். விடை தெரிந்தவர்களிடம் அது பொருந்தாது.

ஜெரால்ட் விஷயத்தில் இன்னும் வழி இருக்கிறது. முழு நாவல் வருவது கடினம் என்றால், யார் அனுப்பினார்கள், எதற்காக, கதாநாயகன் ஜிம் மெக்கார்த்தி கடைசியில் என்ன ஆகிறான் என்று இருபது முப்பது பக்கத்தில் அவர் கையாலேயே எழுதிக் கொடுக்கட்டும். வசனம் வேண்டாம், வர்ணனை வேண்டாம். நான் காசு கொடுத்து வாங்குவேன், அண்ணனும் வாங்குவார்.