செர்ட்ராலின் மாத்திரை: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மனச்சோர்வுக்காக மருத்துவர் எழுதித் தந்த செர்ட்ராலினை எட்டு மாதங்களாக உட்கொண்டு வருகிறேன். இது எனக்கு உண்மையாகவே பயன் தந்தது, ஆனால் உடனே அன்று. முதல் பத்து நாட்கள் குமட்டலும் தூக்கக் குறைவும் இருந்தனவே தவிர மனம் தெளியவில்லை. மாற்றம் நான்காவது வாரத்தில்தான் புலப்பட்டது. 25 மில்லிகிராமில் தொடங்கிப் பிறகு 50 ஆக்கினார்கள்.

நலமாகிவிட்டதாக எண்ணி ஐந்தாவது மாதத்தில் நானாகவே நிறுத்தியது பெருந்தவறு. சில நாட்களிலேயே தலைசுற்றலும், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வும், காரணமற்ற எரிச்சலும் வந்தன. மூளை பழகிவிட்ட மருந்து திடீரென நின்றதன் விளைவே இது என்றும், நிறுத்துவதானால் அளவைப் படிப்படியாக, தம் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும் என்றும் மருத்துவர் விளக்கினார்.

உடன் வரும் விளக்கத்தாளை அவசியம் படியுங்கள். டிரமடால் என்ற வலிநிவாரணி சேர்ந்தால், செரடோனின் என்னும் மூளை வேதிப்பொருள் அளவுமீறி உயிருக்கே ஆபத்தாகலாம்; ஐபுப்ரோஃபென் என்ற வலிநிவாரணி சேர்ந்தால் இரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். ஆகவே பல்வலிக்கு மாத்திரை வாங்கும்போதுகூட செர்ட்ராலின் உட்கொள்வதைச் சொல்லிவிடுகிறேன். 24 வயது வரையுள்ளோருக்குத் தொடக்க வாரங்களிலும் அளவு மாறும்போதும் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால், வீட்டார் அருகிருந்து கவனித்து, சிறு ஐயம் எழுந்தாலும் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும்.