விமானி வேலை பெற்றுத்தருவதாக விளம்பரம் செய்த ஒரு முகவர் நிலையம்: எமது அனுபவம்

யாழ்ப்பாண நகரில், கீழே புடவைக் கடையும் மேலே தனியார் வகுப்பும் இயங்கும் ஒரு கட்டடத்தின் மாடியில் உள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் நிலையத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. ஆனாலும் இதே மாதிரியான விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு படியில் ஏறப்போகிறவர்களுக்கு, உள்ளே நடப்பது பெயரில்லாமலே விளங்கும்.

என் அக்காவின் மகன் இரத்மலானையில் பயிற்சி முடித்து வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் பெற்றவன். பறந்த நேரம் 214 மணித்தியாலம். அந்தச் செலவுக்காக அத்தான் உரும்பிராயில் இருந்த தோட்டக்காணியில் பாதியை விற்றார். மீதிக்குக் கனடாவில் இருக்கும் அவருடைய தம்பி கைகொடுத்தார். அனுமதிப்பத்திரம் கிடைத்து ஒன்றரை ஆண்டாகியும் வேலை இல்லை. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது, சென்னையிலிருந்து வந்த ஏ.ரி.ஆர். விமானத்தைப் பார்க்க வேலியோரம் போய் நின்ற பிள்ளை, இப்போது அந்தச் சத்தம் கேட்டாலே வீட்டுக்குள் போய்விடுகிறான்.

விளம்பரம் வட்ஸ்அப்பில் வந்தது. வளைகுடா நாட்டுப் பெரிய விமான நிறுவனம் ஒன்றின் இலச்சினை, போயிங் 777 இன் படம், அதன் கீழே துணை விமானிகள் தேவை, 200 மணித்தியாலம் போதுமானது, 68 வயது வரை விண்ணப்பிக்கலாம் என்ற வரிகள். இரண்டு விமானிகள் ஓட்டும் சர்வதேசப் பயணிகள் விமானத்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர் விமானியாக இருக்கச் சர்வதேச விதி இடம் கொடுப்பதில்லை. அந்தத் தரத்து நிறுவனங்கள் நேரடியாக எடுக்கும் துணை விமானியிடம் எதிர்பார்ப்பதும் ஆயிரக்கணக்கான மணித்தியால அனுபவம். ஓய்வுபெற்ற கணக்காளனான எனக்கு இவை அன்று தெரியாது, மருமகனுக்குத் தெரியும். "மாமா, விளம்பரம் அடிச்சவனுக்கு விசயம் தெரியாமல் இருக்கலாம், வேலை உண்மையாயிருக்கலாம்தானே" என்றான். வேலையில்லாமல் ஒன்றரை ஆண்டு இருந்தவனிடம் அதற்கு மேல் வாதாட எனக்கு மனம் வரவில்லை.

உபசரிப்பில் குறை சொல்ல முடியாது. காத்திருக்க வைக்கவில்லை, தேநீர் தந்தார்கள், படிவங்களை ஒரு பிள்ளை பொறுமையாக நிரப்பித் தந்தது. கடவுச்சீட்டு, அனுமதிப்பத்திரம், விமானிகளுக்கான முதல்தர மருத்துவச் சான்றிதழ், பறப்புப் பதிவேட்டின் அத்தனை பக்கங்கள் என்று ஒன்று விடாமல் ஸ்கான் செய்து எடுத்துக்கொண்டார்கள். 185,000 ரூபாய் கட்டினோம். வேலை சரிவராவிட்டால் முழுப்பணமும் திரும்பும் என்று வாயால் சொன்னார்கள்.

பத்து நாளில் நேர்முகத் தேர்வு. கமரா நிறுத்தப்பட்ட நிலையில், குரல் மட்டும் கேட்ட பதினைந்து நிமிட வட்ஸ்அப் அழைப்பு அது. விமானம் ஓட்டுவது பற்றி ஒரு கேள்வியும் இல்லை. உடனே புறப்படத் தயாரா என்பதே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. உண்மையான நிறுவனம், விமானி அறையைப் போலவே அமைந்த பயிற்சிப் பொறியான சிமுலேற்றரில் உட்கார்த்திக் கையைப் பார்க்காமல் ஒரு விமானியை எடுப்பது அரிது. மறுநாளே நியமனக் கடிதம் வந்துவிட்டது.

அந்தக் கடிதத்தை இப்போதும் எடுத்துப் பார்க்கிறேன். இலச்சினை ஓரங்களில் கலங்கியிருக்கிறது. ஒப்பம் மட்டும் வெட்டி ஒட்டியது போல வெள்ளைச் சதுரத்துக்குள் நிற்கிறது. அனுப்பிய மின்னஞ்சல் முகவரியில் நிறுவனத்தின் பெயரோடு ஒரு சிறு கோடும் இன்னொரு சொல்லும் ஒட்டியிருக்கின்றன. சம்பளம், வீடு, பிள்ளைகளின் பாடசாலைச் செலவு எல்லாம் விரிவாக இருந்தும் (பையனுக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை), இலங்கை அனுமதிப்பத்திரத்தை அந்த நாட்டு அதிகாரசபை எப்படி ஏற்றுக்கொள்ளும் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944 ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின்படி, விமானம் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாடு வழங்கிய, அல்லது செல்லுபடியாக்கிய அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் அதைச் சர்வதேசப் பயணத்தில் ஓட்ட முடியாது. விமானியை எடுக்கும் கடிதம் இதை மறப்பது, சாரதியை எடுப்பவர் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கேட்க மறப்பது போன்றது.

கடிதத்தின் கடைசிப் பந்தி 1,450 டொலர் கேட்டது. விசாவுக்கும் மருத்துவப் பரிசோதனைக்குமான வைப்புப் பணமாம், முதல் சம்பளத்தோடு திரும்ப வருமாம். கட்ட வேண்டிய கணக்கோ ஒரு தனிநபரின் பெயரில் இருந்தது.

படித்த பிள்ளை இதற்கு எப்படி மடங்கினான் என்று உறவினர் கேட்கிறார்கள். இந்தத் தொழிலில் காசு கொடுத்து முன்னேறுவது வழக்கமாகிவிட்டது என்பதே காரணம். எயார்பஸ் ஏ320 போன்ற ஒரு ரக விமானத்தை ஓட்டும் தகுதியைப் பல இளம் விமானிகள் தம் சொந்தச் செலவில், இலங்கைப் பணத்தில் பல இலட்சம் கொடுத்துத்தான் பெறுகிறார்கள். பயணிகள் விமானத்தில் பறக்கும் மணித்தியாலங்களையே விலைக்கு விற்கும் திட்டங்கள் உலகில் உண்டு. பயிற்சிச் செலவுக்காக, குறித்த காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டவேண்டும் என்று பிணைமுறி எழுதி வாங்கும் நிறுவனங்களும் உண்டு. ஒவ்வொரு மணித்தியாலத்தையும் காசு கொடுத்தே பறந்தவனுக்கு 1,450 டொலர் மோசடியாகத் தெரியவில்லை, இன்னொரு கட்டணமாகவே தெரிந்தது. மாடியில் இருப்பவர்கள் இதை நன்றாகப் படித்திருக்கிறார்கள்.

அந்தப் பணத்தை நாங்கள் கட்டவில்லை. நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்துக்குப் போய் அங்கிருந்த முகவரிக்கு மருமகன் எழுதிக் கேட்டான். அப்படியொரு நியமனமும் இல்லை, ஆட்சேர்ப்புக்கு எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை என்று பதில் வந்தது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு நான் அழைத்தேன். 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் நிலையம் நடத்த முடியாது. மாடியில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது உண்மையான அனுமதிப்பத்திரந்தான். ஆனால் அதிலிருந்த பெயர் வேறு, வாசற்பலகையில் இருந்த பெயர் வேறு. இரண்டு முறை அதன் கீழே உட்கார்ந்து தேநீர் குடித்த நான், கணக்காளனாக முப்பது ஆண்டு வேலை செய்தவன், அதை நிமிர்ந்து வாசிக்கவில்லை.

பணத்தைக் கேட்டுப் போனபோது, தாங்களும் ஏமாற்றப்பட்டதாகச் சொன்னார்கள். பற்றுச்சீட்டைக் காட்டினேன். அதில் "ஆலோசனைக் கட்டணம், மீளளிக்கப்படமாட்டாது" என்று சிறிய எழுத்தில் அச்சாகியிருந்ததை அந்தப் பிள்ளை விரலால் தொட்டுக் காட்டியது. முறைப்பாடு கொடுத்த பிறகு, அதை மீளப் பெற்றால் பாதிப்பணம் தருவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள், மறுத்துவிட்டோம்.

பணத்தைவிட என்னை உறுத்துவது அந்த ஸ்கான்கள். கடவுச்சீட்டும் அனுமதிப்பத்திர இலக்கமும் 214 மணித்தியாலப் பதிவும் யாருடைய கணினியில் இருக்கின்றன என்று தெரியாது. அவை வேறொருவன் கையில் சிக்கியிருக்கக்கூடும் என்று சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபைக்கு மருமகன் எழுத்தில் அறிவித்து, பிரதியைக் கோப்பில் வைத்திருக்கிறான்.

ஐந்தில் ஒரு நட்சத்திரம். அதுவும் பற்றுச்சீட்டுத் தந்ததற்காக; அது இல்லாவிட்டால் முறைப்பாட்டோடு இணைக்க எங்களிடம் ஒரு தாளும் இருந்திருக்காது.