விண்டி செயலி: பினாங்கு–லங்காவி கயாக் பயணத்துக்கு எதுவரை கைகொடுக்கும்?

பினாங்கின் வடகரையில் உள்ள பத்து பெரிங்கியிலிருந்து லங்காவித் தீவுக்குக் கடல்வழியே ஏறக்குறைய 110 கி.மீ. சுமை ஏற்றிய கயாக் (ஒடுக்கமான துடுப்புப் படகு) மணிக்கு ஐந்து கி.மீ. போனால், வழியிலுள்ள பீடான் தீவு வரையிலான முதல் 30 கி.மீ.க்கே ஆறு மணி நேரம் ஆகிவிடும். இந்த வழிக்கு நாள் குறிக்க, காற்றையும் அலையையும் முன்னறிவிக்கும் விண்டி அருமையான வானிலைச் செயலி. புறப்படும் நேரத்தைக் குறிக்க அது போதாது.

பத்து நாள் முன்பே பார்க்கத் தொடங்கலாம். ஆனால் அப்போது காற்றின் போக்கு மட்டும்தான் தெரியும். நான்கு நாள் இருக்கும்போது ஒப்பிடும் பக்கத்தைத் திறந்து, ஐரோப்பிய முன்னறிவிப்புக் கணினி மாதிரியையும் அமெரிக்க மாதிரியான ஜி.எஃப்.எஸ்.ஸையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டும் 8, 9 நாட் (காற்று வேக அளவு; ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) என்று ஒத்துப்போனால் நாள் குறிக்கலாம். ஒன்று 7, மற்றது 15 என்றால் 15ஐத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சுமை ஏற்றிய கயாக்குக்கு 15 நாட் எதிர்காற்று என்றால் வேகம் பாதியாகிவிடும்; ஆறு மணி நேரம் பன்னிரண்டாகும்.

பலரும் சறுக்குவது, எந்த இடத்தின் காற்றைப் பார்ப்பது என்று வரைபடத்தில் குறி வைக்கும் இடத்தில். மாதிரி கடலையும் நிலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்கிடும். ஐரோப்பிய மாதிரியின் ஒரு கட்டம் சுமார் 9 கி.மீ. அகலம், பினாங்குத் தீவு முழுவதும் ஒருசில கட்டத்துக்குள் அடங்கிவிடும். கடற்கரை ஓட்டலின் மேல் குறி வைத்தால், நிலத்தில் உரசித் தேய்ந்த காற்றைத்தான் செயலி காட்டும். குறியை வடக்கே 10 கி.மீ. கடலுக்குள் தள்ளிவிட்டு எண்ணைப் படியுங்கள். சராசரிக் காற்றுக்குக் கீழே இருக்கும் கஸ்ட் (திடீர்க் காற்று வீச்சு) வரிசையையும் விடாதீர்கள். துடுப்பைத் தட்டிப் பறிப்பது அந்த வீச்சுதான்.

அலை வரைபடம் 0.5 மீட்டர் என்று சாதுவாகக் காட்டும். சுமத்ரா மறைப்பதால் மலாக்கா நீரிணையில் பெரும்பாலும் உள்ளூர்க் காற்று எழுப்பும் அலைதான். மூன்று நான்கு விநாடிக்கு ஒன்று, குட்டையாக, செங்குத்தாக வரும். நீரோட்டத்துக்கு எதிராகக் காற்று அடித்தால் அதே அரை மீட்டர் அலை கயாக்கின் முன்தளத்தைக் கழுவிக்கொண்டே இருக்கும். ஆகவே கடற்படையின் ஓத அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செயலி உண்மையில் கைவிடுவது சுமத்ரா சூறைக்காற்றில். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும், மேற்கிலிருந்து வரிசையாக இடிமேகம் வரும். அந்த வரிசை 9 கி.மீ. கட்டத்துக்குள் சரியாகப் பிடிபடாது. வரைபடத்தில் வெளிர்நீல மழைத்திட்டாகக் கரைந்துவிடும். இடிமழை வாய்ப்பைக் காட்டும் கேப் குறியீடும் இங்கே பெரிதாக உதவாது. வெப்பமண்டலத்தில் அது பெரும்பாலான நாளில் உயர்ந்தே இருக்கும்.

அதனால் கிளம்பும் நாள் அதிகாலை நாலரைக்கு விண்டியை மூடிவிட்டு, மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் மழை ரேடார் படத்தைத் திறவுங்கள். மேற்கே 100 கி.மீ.யில் ஒரு வரிசை தெரிந்து, அது மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வந்தால் கையில் இருப்பது இரண்டு மணி நேரம்தான். அது கடந்துபோகும்வரை கயாக்கை மணலில் விட்டுவிடுங்கள். மெட்மலேசியாவின் முதல்நிலைக் கடல் எச்சரிக்கை மணிக்கு 40 முதல் 50 கி.மீ. காற்று, 3.5 மீட்டர் வரை அலை என்ற அளவில் வருவது. அது கயாக்கின் தாங்குதிறனுக்கு எவ்வளவோ மேலே. எச்சரிக்கை இல்லை என்பதைப் போகலாம் என்ற அனுமதியாகக் கொள்ளவே கூடாது.

கட்டணச் சந்தா ஒரு மணி நேர இடைவெளியில் முன்னறிவிப்பு தரும். மதியக் கடற்காற்று எப்போது எழும் என்று பார்க்க அது நல்லது. சூறைக்காற்றுக்கு ஒரு பயனும் இல்லை. இலவசமே போதும். சிக்னல் போவதற்குள் வழியில் மூன்று இடங்களின் அட்டவணையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பீடானில் இரண்டு நாள் முடங்க நேர்ந்தால் சமாளிக்க, ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வீதம் எட்டு லிட்டர் தண்ணீரைக் கூடுதலாக, இருக்கைக்குப் பின்னால் தாழ்வாக அடுக்குங்கள்.