முதல் டேட்டாபேஸ்: எஸ்கியூலைட்டா, மைஎஸ்கியூஎல்லா, போஸ்ட்கிரெஸ்ஸா?

புதிதாக டேட்டாபேஸ் பழகுகிறவர்களில் பலர் முதல் டேபிளை உருவாக்கும் முன்பே சோர்ந்துவிடுகிறார்கள். காரணம், நம் புரோகிராமை டேட்டாபேஸுடன் சேர்க்கும் இணைப்பு. அதனால் வேகத்தையும் வசதிகளையும் விட்டுவிட்டு, முதல் நாளில் எது எப்படி நடந்துகொள்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

எஸ்கியூலைட்டை ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்டார். சர்வர் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. டேட்டாபேஸ் மொத்தமும் ஒரே ஃபைல். பைத்தான் இருந்தால் இதற்கான இணைப்பு வசதி கூடவே வந்துவிடும். ஃபைல் பெயரைக் கொடுத்தால் இணைந்துவிடும், அந்த ஃபைல் இல்லையென்றால் தானே உருவாக்கிக்கொள்ளும். நான் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். முந்தின நாள் சேர்த்த விவரம் எதையும் காணோம், ‘அப்படியொரு டேபிள் இல்லை’ என்று பிழை. அரை நாள் தேடிய பிறகு பார்த்தால், புரோகிராமை வேறு ஃபோல்டரிலிருந்து ஓட்டியிருக்கிறேன். அங்கே அதே பெயரில், 0 பைட் அளவில் ஒரு காலி ஃபைல். அன்றிலிருந்து முழுப் பாதையையும் கொடுத்துத்தான் இணைக்கிறேன். அப்புறம், காமிட் (செய்த மாற்றத்தை நிரந்தரமாகப் பதியச் சொல்லும் கட்டளை) செய்ய மறந்தால் சேர்த்தது தங்காது.

இன்னொன்று: டேபிளில் எண் வர வேண்டிய நெடுவரிசையில் (column) ‘பத்து’ என்று எழுத்தில் கொடுத்தாலும் எஸ்கியூலைட் வழக்கமாக வாங்கிக்கொள்ளும். ஃபாரின் கீ (ஒரு டேபிளின் விவரம் இன்னொரு டேபிளில் உள்ளதைச் சுட்டும் தொடர்பு) சரிபார்ப்பையும் ஒவ்வொரு இணைப்பிலும் நாமே இயக்க வேண்டும்.

மைஎஸ்கியூஎல் 1995-இலிருந்து இருக்கிறது, சர்வர் உள்ளது, அதை அணுகும் வழக்கமான போர்ட் (சர்வரின் வாசல் எண்) 3306. வெப் ஹோஸ்டிங்கில் பரவலாகக் கிடைக்கும். இதில் யூசர் என்றால் பெயரும், எந்த மெஷினிலிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்ததுதான். உங்கள் கணினியில் வேலை செய்த பெயரும் பாஸ்வேர்டும் வெளியிலிருந்து மறுக்கப்பட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

போஸ்ட்கிரெஸ்ஸும் சர்வர் உள்ளதுதான், வழக்கமான போர்ட் 5432. லினக்ஸில் நிறுவிய கையோடு அதன் கட்டளைக் கருவியான பிஎஸ்கியூஎல்லை (psql) தட்டினால், ‘அந்த ரோல் இல்லை’ (ரோல் என்பது போஸ்ட்கிரெஸ்ஸுக்குள் இருக்கும் யூசர்) என்று திருப்பி அனுப்பும். பயப்பட வேண்டாம். நீங்கள் பெயர் எதுவும் சொல்லாததால் கணினியில் உங்களுக்கு இருக்கும் யூசர் பெயரையே எடுத்துக்கொண்டு தேடியிருக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற யூசராக மாறி, உங்களுக்கு ஒரு ரோலும் அதே பெயரில் ஒரு டேட்டாபேஸும் உருவாக்கினால் வழி திறந்துவிடும்.

சர்வர் உள்ள இரண்டுக்கும் பொதுவாக, பிழைச் செய்தியை நிதானமாகப் படியுங்கள். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்றால் பெரும்பாலும் சர்வர் ஓடவில்லை, அல்லது ஹோஸ்டோ (சர்வர் இருக்கும் மெஷினின் முகவரி) போர்ட்டோ தப்பு. ‘பாஸ்வேர்டு தவறு’ என்று வந்தால் சந்தோஷப்படுங்கள், சர்வர் வரை போய்விட்டீர்கள்.

சரி, எதில் தொடங்குவது? நான் எஸ்கியூலைட்டைத்தான் சொல்வேன். மூன்று டேபிள் உருவாக்கி, அவற்றைச் சேர்த்து விவரம் எடுக்கும் ஜாயின் எழுதப் பழகும்வரை அது போதும். பிறகு மைஎஸ்கியூஎல்லில் நிற்காமல் நேரே போஸ்ட்கிரெஸ்ஸுக்குப் போங்கள், அதே மூன்று டேபிள்களை அங்கே ஏற்றிப் பாருங்கள். எண் நெடுவரிசையில் எழுத்தில் கிடந்த அந்தப் ‘பத்து’, அங்கே முதல் முயற்சியிலேயே பிடிபடும்.