பெயின்ட் உரிந்தது, கூடவே அலுமினியமும்

பழைய காரின் வால்வு கவரில், அதாவது இன்ஜினின் அலுமினிய மேல்மூடியில், யாரோ எப்போதோ அடித்த சிவப்பு பெயின்ட், ஓரமெல்லாம் செதில் செதிலாகப் பெயர்ந்து கிடந்தது. வீட்டிலேயே உரித்துப் புதுசாக அடிக்கலாம் என்று பெயின்ட் ரிமூவர் வாங்கப் போனேன். கடைக்காரர் லேபிள் இல்லாத ஒரு கேனை எடுத்து வைத்தார். அலுமினியத்துக்கு ஆகுமா என்று இரண்டு தடவை கேட்டேன். "இரும்பு, அலுமினியம், பித்தளை, எதுக்கு வேணாலும் போடுங்க சார். ராத்திரி ஊற வெச்சா காலைல தோல் மாதிரி வந்துடும்."

பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றி கவரை முக்கினேன். ஐந்து நிமிடத்தில் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி நுரைத்தது. தொட்டியின் வெளிப்பக்கமே சுட்டது. போன் போட்டால், "அதாங்க வேலை செய்யுது, விடுங்க" என்று பதில். விட்டேன். அரை மணி நேரம் கழித்து மனசு கேட்காமல் வெளியே எடுத்தேன்.

பெயின்ட் போயிருந்தது, அதில் பொய்யில்லை. அடியில் உலோகம் கரி பூசினாற்போல் கறுத்திருந்தது. கழுவினால் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். கசிவை அடைக்கும் கேஸ்கட் உட்காரும் விளிம்பு வழவழவென்று இருக்க வேண்டிய இடம். நகத்தை ஓட்டினால் தடுக்கியது. மாட்டினால் ஆயில் கசியும். கவர் அவ்வளவுதான்.

தெரிந்த மெக்கானிக் ஒருவர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "கையில பட்டப்போ சோப்பு மாதிரி வழுக்குச்சா?" ஆமாம், கையுறைக்கு மேலே மணிக்கட்டில் ஒரு சொட்டு தெறித்து, வழுக்கி, பிறகுதான் எரிந்தது. கேனில் இருந்தது காஸ்டிக் சோடா. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே இருக்கும் ஆக்சைடு படலத்தை அது கரைத்துவிட்டு உலோகத்தையே தின்னும். நான் பார்த்த குமிழிகள் ஹைட்ரஜன். மூடிய ஷெட்டில் ஒரு தீப்பொறி போதும். சாக்கடை அடைப்பு நீக்கும் பொடி, ஓவன் (oven) கிளீனர் பலவற்றிலும் இதே சரக்குதான். பெயின்ட் உரிக்க அவற்றைத் தடவச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள்.

கடைக்காரரிடம் திரும்பப் போனேன். "ரொம்ப நேரம் ஊற வெச்சுட்டீங்க" என்றார், ராத்திரி முழுக்க ஊற வைக்கச் சொன்ன அதே மனுஷன். பில்லும் தரவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை.

அடுத்த கவருக்கு, அலுமினியத்துக்கு ஏற்றது என்று லேபிளிலேயே போட்டிருந்த பென்சைல் ஆல்கஹால் ஜெல் வாங்கினேன். பூசி, பாலிதீன் தாளால் மூடி, பல மணி நேரம் காத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தேன். மெதுவான வேலை, இரண்டு தடவை பூச வேண்டியிருந்தது. சாதாரண இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம்: அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து, புது பெயின்டுக்கு அடியில் துரு கிளம்பும். டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் கலந்த ரிமூவர் வேகமாக உரிக்கும், ஆனால் அதன் ஆவி மூடிய அறையில் ஆளையே கொல்லும். அமெரிக்காவில் பெயின்ட் நீக்க அதைப் பொதுமக்களுக்கு விற்பதை 2019இல் தடை செய்தார்கள்.

இப்போது எதை வாங்கினாலும் முதலில் சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறேன். அந்தக் கேனில் மிச்சமிருந்ததையும் விட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் தாளில் ஓட்டை.