கேபிளைப் பிடுங்கிக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்

1,85,000 ரூபாய். ஆபீஸ் கம்ப்யூட்டர்களை இணைக்கும் இரண்டு நெட்வொர்க் ஸ்விட்ச், ரேக், கேபிள், கூலி எல்லாம் சேர்த்து. "ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தூக்கிக்கும் சார், கேட்வே ரிடண்டன்சி போட்டுத் தர்றோம்" என்றார்கள், கொட்டேஷனிலும் எழுதிக் கொடுத்தார்கள். கேட்வே என்றால் ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து வெளியே போகும் வாசல்; ஒன்று செத்தாலும் இன்னொன்று தயாராக இருப்பதுதான் ரிடண்டன்சி. நேற்று முதல் ஸ்விட்ச்சின் பவர் சப்ளை போனது. ஆபீஸ் மொத்தமும் படுத்துவிட்டது. இரண்டாவது ஸ்விட்ச் பக்கத்திலேயே பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு சும்மா இருந்தது.

கடை பெயர் வேண்டாம். கேமரா, பில்லிங் மெஷின், நெட்வொர்க் என்று எல்லாம் எடுத்துச் செய்யும் ரகம்.

நான் நம்பியது அந்த டெமோவால்தான். கடை ஆள் ஒரு கம்ப்யூட்டரில் பிங் (பதில் வருகிறதா என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் சோதனை) ஓடவிட்டு, ரேக்குக்குப் போகும் இரண்டு கேபிளில் ஒன்றை என் கண் முன்னாலேயே பிடுங்கினார். கொஞ்சம் நின்று, திரும்ப ஓடியது. "பார்த்துக்கோங்க சார்." மீதிப் பணத்தை அங்கேயே அனுப்பினேன்.

இன்று வேறொரு இன்ஜினியர் பார்த்துச் சொன்னார்: அன்று வேலை செய்தது ஸ்பானிங் ட்ரீ. கேபிள் போனால் மாற்றுப் பாதை திறப்பது அது. டேட்டா பாக்கெட் இரண்டாவது ஸ்விட்ச் வழியாகச் சுற்றி, மறுபடியும் முதல் ஸ்விட்ச்சுக்கேதான் போயிருக்கிறது. கேட்வே ஐபி, அதாவது அந்த வாசலின் முகவரி, அதில் மட்டும்தானே இருந்தது! உண்மையில் விஆர்ஆர்பி (VRRP, கேட்வே வேலையை ஒன்றிடமிருந்து இன்னொன்று எடுத்துக்கொள்ளும் முறை) மாதிரி ஒன்று இரண்டிலும் ஓட வேண்டுமாம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு விர்ச்சுவல் ஐபி, ஒரு விர்ச்சுவல் மேக் (MAC, கருவியின் வன்பொருள் முகவரி). அப்போது வேலையில் இருக்கும் ஸ்விட்ச்தான் மாஸ்டர்; அது வழக்கமாக 1 விநாடிக்கு ஒரு தடவை குரல் கொடுக்கும். மூன்று தடவை குரல் வராவிட்டால் 4 விநாடிக்குள் மற்றது பொறுப்பேற்கும். எங்களுக்குத் தள்ளிவிட்ட இரண்டாவது பெட்டி வெறும் லேயர் 2, அதாவது உள்ளுக்குள் இணைக்க மட்டும்தான், கேட்வே ஆகாது. அதில் இதைப் போடவே முடியாது.

கடைக்குப் போன் செய்தால் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க". செத்த ஸ்விட்ச்சையா? அப்புறம் "நெட் கம்பெனி லைன்ல பிரச்சினை". அப்புறம் "லைசென்ஸ் தனி சார், கொட்டேஷன்ல வராது". லேயர் 2 பெட்டிக்கு எந்த லைசென்ஸ் என்று கேட்டதும் கட். இப்போது என் நம்பரையே எடுப்பதில்லை. 1,85,000 ரூபாய்!

வாங்கப் போகிறவர்களுக்கு விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கேபிளை விடுங்கள், முதல் ஸ்விட்ச்சின் பவரைப் பிடுங்கச் சொல்லுங்கள். இரண்டும் லேயர் 3 (கேட்வேயாக இருக்கக்கூடிய) மாடல்தானா, விஆர்ஆர்பி உண்டா என்று நீங்களே தேடிப் பாருங்கள். ஒன்றில் மாஸ்டர், மற்றதில் பேக்கப் என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். அதுவரை மீதிப் பணம் கொடுக்காதீர்கள்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பில் போட்டுக்கொண்டிருக்கிறோம், 1,85,000 ரூபாய் கொடுத்துவிட்டு.