விதி மேல் பழி போடுபவனும் போடாதவனும்

பில்லி வைல்டரின் 'டபுள் இன்டெம்னிட்டி' படம் 1944இல் வந்தது, எட்கர் உல்மரின் 'டீட்டூர்' அடுத்த ஆண்டு. இரண்டிலும் மாட்டிக்கொண்ட ஆளே தன் கதையைச் சொல்கிறான்.

முதல் படத்து வால்டர் நெஃப் இன்சூரன்ஸ் ஏஜென்ட். படியிறங்கி வரும் பெண்ணின் கொலுசில் கண் வைக்கிறான், அப்புறம் இன்சூரன்ஸ் பணத்துக்காக அவளோடு சேர்ந்து அவள் கணவனைக் கொல்கிறான். ஆனால் கம்பெனியை ஏமாற்றும் ஆசை அவளைப் பார்க்கும் முன்பே அவனுக்குள் இருந்தது. அதை அவனே ஒப்புக்கொள்கிறான். தண்டவாளத்தில் பிணத்தைப் போட்டுவிட்டு வந்தால் கார் கிளம்ப மறுக்கிறது. விதி எட்டிப் பார்க்கும் நொடி அது. அவன் கை நீட்டிச் சாவியைத் திருப்ப, கார் கிளம்பிவிடுகிறது.

'டீட்டூர்' நாயகன் ஆல் ராபர்ட்ஸ் பியானோ வாசிப்பவன். லிஃப்ட் கேட்டு ஏறுகிறான். மழையில் காரின் கூரையை மூட இறங்கிக் கதவைத் திறந்தால், கார்க்காரர் சரிந்து விழுந்து தலை கல்லில் மோதுகிறது. எல்லாம் விதி என்கிறான். சரி, அதுவரை விதி. பிணத்தை மறைத்து, பணத்தையும் காரையும் பெயரையும் எடுத்துக்கொண்டது யார்? கூடவே, நடந்ததை அவன் வாயால் மட்டும்தான் கேட்கிறோம். பிறகு அவன் காரில் ஏற்றிக்கொண்ட வேரா என்ற பெண்ணும் சாகிறாள். பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் போன டெலிபோன் ஒயரை இழுத்தேன், அது அவள் கழுத்தில் இருந்தது தெரியாது என்கிறான்.

நெஃபை நம்பிவிட்டேன். ஆல் ராபர்ட்ஸை இரண்டாம் முறை பார்த்தபோது நம்பவில்லை. அதனாலேயே, எழுபது நிமிடம்கூட ஓடாத அந்த மலிவுப் படம்தான் எனக்கு ஒரு படி மேல்.